மறுபடியும் கேட்க வந்தவர்

ஒருவர் நம்மிடம் ஒரு சம்மதம் கேட்கிறார். நாமும் கொடுத்துவிடுகிறோம். ஒரு மணி நேரம் கழித்து அவரே திரும்பி வந்து, "இப்பவும் சரிதானா?" என்று கேட்கிறார். இப்படித் திரும்பி வருவது நல்ல குணமா, இல்லையா? இரண்டு வருடமாக இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது ஒரு பதில் வரும். மகளைத் தூங்கவைக்கும்போது அது மாறிவிடும்.

அப்படிக் கேட்டவர் ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளர். கொரட்டூரில் எங்கள் அடுக்ககத்தில், எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் என்ன நடந்தாலும் அவருடைய சேனலுக்கு அவர்தான் போவார். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று இன்னும் அவரிடம் கேட்கவில்லை. கேட்காமல் போட்டால் அவருக்குப் பிடிக்காது.

திரையில் பார்த்தவர்களுக்கு அவர் மார்பளவுதான் தெரியும். இஸ்திரி போட்ட குர்தா, படிய வாரிய தலை, சின்னப் பொட்டு. மாடிப்படியில் பார்த்த எனக்கு மீதியும் தெரியும். முழங்கால்வரை சேறு காய்ந்த பேன்ட், தேய்ந்துபோன ரப்பர் செருப்பு. மாலையில் வந்தால் உடனே கதவைத் திறக்க மாட்டார். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருக்கும் படியில் பையை வைத்துவிட்டு உட்கார்ந்துவிடுவார்.

"உள்ள போய் உக்காருங்களேன்க்கா" என்றேன் ஒருநாள்.

"உள்ள உக்காந்தா எழுந்திருக்க முடியாது. இங்கன்னா யாராவது தாண்டிப் போகணும்னு எழுப்பிவிடுவாங்க."

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்தால் மைக்கின் பஞ்சு உறையைச் சோப்புப் போட்டு அலசி, பால்கனிக் கொடியில் கிளிப் மாட்டிக் காயப்போடுவார். எத்தனை பேர் எச்சில் தெறிக்கத் தெறிக்க அழுதது என்பார். சேனல் எழுத்து பதித்த அந்தச் சிவப்பு உறையைப் பார்த்தால் என் மகள் யாழினி "அத்தையோட தக்காளி" என்பாள். அவளுக்கு அப்போது மூன்று வயது.

அவர் வேலை செய்யும் விதத்தை முதலில் எனக்குச் சொன்னவர் அவருடைய கேமராமேன். ஆவடிக்காரர். அக்கா கீழே இறங்கி வரும்வரை எங்கள் வாசலில் நின்று தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் புலம்புவார். யாராவது கேமரா முன்னால் பேசினால், பேசி முடித்ததும் அக்கா மூன்று கேள்வி கேட்பார். இதைப் போடலாமா, முகம் காட்டலாமா, பெயர் சொல்லலாமா. மூன்றுக்கும் சரி என்று சொன்னபிறகும் அனுப்ப மாட்டார். வேறு வேலையைப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்து அதே வீட்டுக்குத் திரும்பிப் போவார். அதே மூன்று கேள்வி. அப்போதும் சரி என்றால்தான் அலுவலகத்துக்கு அனுப்புவார்.

"நான் கேட்டேம்மா," என்றார் கேமராமேன். "இன்னாக்கா, பொண்ணு கேட்டா போயிக்கினு கீறோம், ரெண்டு தபா தாம்பூலத் தட்டோட போறதுக்கு? எட்த்தமா, அனுப்புனமா, டீ குட்ச்சமான்னு போய்க்கினே இருக்கணும். அதுக்கு இவங்க சொல்றாங்கோ, கோவத்துல சொல்ற சரி வேற, சோறு துன்னுட்டு சொல்ற சரி வேறன்னு."

அண்ணனூரில் தண்ணீர் வரவில்லை என்று பெண்கள் சாலையை மறித்த நாளை அவர் நடித்தே காட்டுவார். ஒரு அம்மா அந்த வட்டாரத்துப் பெரிய மனிதரைப் பெயர் சொல்லித் திட்டியிருக்கிறார். மற்ற சேனல்களில் அது ஓட ஆரம்பித்துவிட்டது. அலுவலகத்திலிருந்து அக்காவுக்கு அழைப்பு.

"எல்லாத்துலயும் ஓடுது. நீங்க எங்க இருக்கீங்க?"

"அவங்க வீட்டு வாசல்லதான் சார் நிக்கறேன்."

"வாசல்ல நின்னு என்ன பண்றீங்க?"

"அவங்க குளிக்கறாங்க சார். வந்ததும் ஒரு வார்த்தை கேட்டுட்டு அனுப்பிடறேன்."

"தண்ணி வரலன்னுதானேம்மா ரோட்ல உக்காந்தாங்க?"

கேமராமேன் இதைச் சொல்லிச் சிரிப்பார். அக்கா படியிறங்கி வந்ததும் நிறுத்திக்கொள்வார். அக்காவோடு வேலைக்குச் சேர்ந்தவர்கள் கோட் போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் விவாதம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அக்கா மட்டும் பட்டரவாக்கம் பாலத்து நெரிசலில் நின்றுகொண்டிருந்தார்.

எங்கள் அடுக்ககச் செயலாளரும் ஒருமுறை அவரிடம் மாட்டினார். ஏரிப் பக்கத்திலிருந்து கழிவுநீர் எதிர்த்து வந்து கார் நிறுத்துமிடம் நாறியபோது, கேமரா முன்னால் அதிகாரிகளைப் பதினைந்து நிமிடம் வெளுத்து வாங்கினார். அக்கா ஒரு மணி நேரம் கழித்து அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்.

"வேணாம்னு சொல்லுவேன்னு பாக்கறியாம்மா? நான் ரிட்டயர்டு. எவன் என்ன பண்ணுவான்? போடு."

"சரிங்க சார்."

"இரு. இந்தச் சட்டையிலயா எடுத்த? காலர் கிழிஞ்சது தெரியுமே. அஞ்சு நிமிஷம் இரு, மாத்திக்கிட்டு வந்து இன்னும் கொஞ்சம் திட்டறேன்."

அக்கா சிரித்து நான் பார்த்தது குறைவு. அன்று படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். கேட்டதும், கேட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. அவர் ரொம்பச் சுருக்கமாகச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கரையான்சாவடியில் ஒரு பெண், கணவன் அடிப்பதைப் பற்றிக் கேமராவில் பேசியிருக்கிறார். பெயர், முகம் எல்லாம் போடுங்கள் என்று சொல்லியும் விட்டார். இவர்கள் வண்டி கிளம்பிய கொஞ்ச நேரத்தில், வேண்டாம் என்று சொல்வதற்காக அந்தப் பெண் கடைத்தெரு முழுக்க வண்டியின் பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்.

"எனக்குத் தெரியாது. கண்ணாடி ஏத்தி, ஏ.சி. போட்டு, ஆபீசுக்கு பேசிட்டே போயிட்டேன். ஒரு வாரம் கழிச்சு அந்தத் தெருவுக்குப் போனப்பதான் சொன்னாங்க. அந்தம்மா வீட்டைக் காலி பண்ணிட்டாங்க."

சொல்லிவிட்டுச் சாவியைத் தேடி எடுத்துக் கதவைத் திறந்தார்.

எனக்கு அவரைப் பிடித்திருந்தது. நானும் ஒன்றை இரண்டு முறை பார்க்கிறவள்தான். கேஸை அணைத்தேனா, பூட்டினேனா, காய்ச்சல் மருந்தை ஐந்து மில்லிதானே கொடுத்தேன் என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். என் கணவர் கிண்டல் செய்வார். எதிர்வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தது ஆறுதலாக இருந்தது.

இனி நான் சொல்ல வேண்டியதற்கு வருகிறேன்.

யாழினியை ஒரு மழலையர் பள்ளியில் சேர்த்திருந்தோம். நான் வீட்டிலிருந்தே ஒரு நிறுவனத்துக்கு வேலை பார்த்தேன். காலை நேரம் முழுக்க அழைப்புகள் இருக்கும். அதனால் பள்ளி வேனில் அனுப்பினேன். வெயில் ஏற ஆரம்பித்த மார்ச் மாதம் ஒருநாள், பத்து மணிக்குப் பள்ளியிலிருந்து பேசினார்கள். பாப்பா அழுகிறாள், வந்து கூட்டிப்போங்கள் என்றார்கள். போய்ப் பார்த்தேன். முகம் செக்கச்செவேல் என்றிருந்தது. சட்டை முழுக்க வாந்தி. தலைமுடி குளித்தமாதிரி நனைந்திருந்தது.

ஆட்டோவில் வரும்போது அவள்தான் சொன்னாள். "வண்டில யாருமே இல்லம்மா. நான் கதவத் தட்டினேன்."

கடைசி இருக்கையில் தூங்கிப்போயிருக்கிறாள். மற்ற குழந்தைகளை இறக்கிவிட்டு, எண்ணிப் பார்க்காமல் கதவைச் சாத்திவிட்டு ஓட்டுநர் டீ குடிக்கப் போய்விட்டார். நாற்பது நிமிடம்.

அன்று அக்காவுக்கு வார விடுமுறை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நான் படியேறி வருவதைப் பார்த்துவிட்டார். "அக்கா, கேமராவைக் கூப்பிடுங்க. நான் பேசறேன். முகத்தோட பேசறேன்" என்றேன். முதலில் டாக்டரிடம் காட்டுவோம் என்று அவரே கூட்டிப்போனார். பயப்பட ஒன்றுமில்லை, நிறைய நீராகாரம் கொடுங்கள் என்றார் டாக்டர். திரும்பி வந்தபோது கேமராமேன் வந்திருந்தார். குழந்தையின் முகத்தை எடுக்கவே மாட்டேன் என்று அக்கா சொல்லிவிட்டார். மடியில் அவளுடைய கால் மட்டும் தெரிய, நான் நான்கு நிமிடம் பேசினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக நான் பேசியதில்லை.

"போடலாமா?"

"போடுங்கக்கா."

"முகம்?"

"காட்டுங்க."

"பேரு?"

"எல்லாம் போடுங்க."

"ஸ்கூல்ல என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு ஒரு மணி நேரத்துல வரேன்."

அந்த ஒரு மணி நேரத்தில் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் பேசினார். வந்தவர்கள் பள்ளியை நடத்தும் அம்மாவும் வேன் ஓட்டுநரும். அந்த அம்மா, இனிமேல் எண்ணித்தான் இறக்குவோம் என்று மட்டும் சொன்னார். ஓட்டுநர் வாசலுக்கு வெளியே நின்று அழுதார்.

"எண்ணாம வுட்டுட்டேம்மா. ஆயா இன்னிக்கி லீவு. நாந்தான் பாத்துருக்கணும். டிவி, போலீசுன்னு போச்சுன்னா எம்பொழப்பு பூடும். ஊட்ல ரெண்டு பொம்பளப் பசங்க கீதும்மா."

அவர்கள் போனதும் கணவர் அலுவலகத்திலிருந்து பேசினார். நான் சொல்வதை முழுக்கக் கேட்டுவிட்டு, "செய்யறதுன்னா செய். ஆனா டிவில முகம் வந்துச்சுன்னா வேன்காரனை யாரும் கேக்க மாட்டாங்க. உன்னைத்தான் கேப்பாங்க. யோசிச்சுக்கோ" என்றார்.

யோசித்தேன். யோசித்ததோடு நிற்காமல் கைப்பேசியை எடுத்தேன். குழந்தைக்கு அடிபட்டதைச் சொல்லி ஒரு தாய் அழும் பழைய செய்தி ஒன்று கிடைத்தது. அதன் கீழே மற்றவர்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். இவள் என்ன செய்துகொண்டிருந்தாள், இவளெல்லாம் ஒரு தாயா, பெற்றால் போதுமா. விரலால் தள்ளித் தள்ளி எல்லாவற்றையும் படித்தேன்.

அக்கா சொன்னபடி வந்தார். "இப்பவும் போடலாமா?"

"வேணாம்க்கா."

"சரி. டிரைவருக்காகவா?"

"ஆமாக்கா. பாவம். ரெண்டு பொண்ணுங்க இருக்காம்."

அவர் என் கையிலிருந்த கைப்பேசியைப் பார்த்தார். திரை அணையாமல் இருந்தது. படித்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது.

"முகம் இல்லாம, குரலை மாத்தி, பேர் இல்லாமலும் போடலாம்."

"இந்தத் தெருவுல எல்லாருக்கும் தெரிஞ்சிடும்க்கா."

"சரிம்மா. அழிச்சிடறேன். ஆனா எழுத்துல ஒரு புகாராவது குடுத்துடுங்க."

குடுக்கிறேன் என்றேன். அன்றே எழுதினேன். இரண்டு பக்கம். சில சொற்கள் அதிகமோ என்று மறுநாள் திருத்தினேன். அதற்கு மறுநாளும் திருத்தினேன். அது இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. யாழினியை அந்தப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டேன். அதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஏழு மாதம் கழித்து அதே பள்ளியில், அதே வேனில், ஒரு சிறுவனை விட்டுவிட்டார்கள். இந்தமுறை ஒன்றரை மணி நேரம். மூன்று நாள் மருத்துவமனையில் இருந்தான். பிழைத்துக்கொண்டான். எல்லாச் சேனலும் அந்த வாசலுக்கு வந்தன. அக்காவும் போனார். நான் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தேன். பழக்கமான குர்தா, படிய வாரிய தலை.

"இதற்கு முன்பு இங்கே இப்படி ஒரு சம்பவம் நடந்ததில்லை என்று பள்ளி நிர்வாகம் கூறுகிறது" என்றார். கூறுகிறது என்றபிறகு ஒரு நொடி நிறுத்தினார். யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். பிறகு ஸ்டுடியோவுக்குக் கொடுத்துவிட்டார்.

அன்று மாலை அவர் படியில் உட்காரவில்லை. நேராக உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அவர் படியில் இல்லையே என்று எனக்கு நிம்மதியாக இருந்ததையும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த மாதம் அவர் வீட்டைக் காலி செய்தார். சாமான் ஏற்ற வந்த கேமராமேன்தான் விஷயத்தைச் சொன்னார். வழக்கமாகச் சிரிக்கிற மனிதர் அன்று தலையைக் குனிந்துகொண்டே பேசினார்.

"எல்லாம் என் வாயாலதாம்மா. ஆபீஸ்ல, இத்த நாங்க அப்பவே எட்த்தோமேன்னு ஒளறிட்டேன். புட்ச்சிக்கினாங்க. அந்த ஃபுட்டேஜ் எங்கன்னு கேட்டாங்க. அழிச்சிட்டேன்னு சொல்லுது அக்கா. அந்தம்மா யாரு, நம்பரு குடு, இப்பப் பேச வைக்கலாம்னாங்க. அவங்க வேணாம்னு சொன்னவங்க, குடுக்க மாட்டேன்னுட்டாங்க. மைக்கை வாங்கிக்கினு, கீழ ஓடற எழுத்தை அடிக்கற சீட்ல உக்கார வச்சிட்டாங்கோ. ரெண்டு வாரம் பாத்துச்சு. வேலை வேணாம்னு எழுதிக் குட்த்துட்டு வந்துடுச்சு."

அக்கா கடைசியாக ஒரு பக்கெட்டோடு வெளியே வந்தார். கதவைப் பூட்டிவிட்டுப் படியில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று வருடத்தில் அதுதான் முதல்முறை.

"என் பேரைச் சொல்லியிருக்கலாமேக்கா."

"நீங்க வேணாம்னீங்களே."

"அன்னைக்கு நீங்க கொஞ்சம் வற்புறுத்தியிருந்தா நான் சரின்னு சொல்லியிருப்பேன்."

"சொல்லியிருப்பீங்க. அது தெரிஞ்சுதான் வற்புறுத்தல." பக்கெட்டின் கைப்பிடியை நிமிர்த்தினார், விட்டார். "அந்தப் பையனுக்காக ஸ்கூல் வாசல்ல நான் நின்னப்ப, மறுபடியும் கேக்கப் போயிருக்கக் கூடாதோன்னு இருந்துச்சு. கரையான்சாவடிய நெனச்சா, போனது சரின்னு இருக்கு. எனக்குத் தெரியலம்மா. ரொம்ப அசதியா இருக்கு."

நான் டிரைவருக்காக வேண்டாம் என்று சொல்லவில்லை, பயந்துகொண்டுதான் சொன்னேன் என்று அப்போது சொல்ல வாய் திறந்தேன். மேல் மாடியிலிருந்து செயலாளர் காய்கறிப் பையோடு இறங்கி வந்தார். தாண்டிப் போக வழிவிட இரண்டு பேரும் எழுந்துகொண்டோம். அக்கா அப்படியே இறங்கிப் போய்விட்டார். இப்போது ஏதோ ஒரு நிறுவனத்துக்கு விளம்பரப் படங்களுக்குக் குரல் கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டேன்.

யாழினி இப்போது ஒன்றாம் வகுப்பு. வேறு பள்ளி. நானே கொண்டுபோய் விட்டு, நானே கூட்டி வருகிறேன். ஜூன் மாதத்திலிருந்து அந்தச் சிறுவனின் அம்மாவும் அதே பள்ளி வாசலில் நிற்கிறார். அவன் யாழினியின் வகுப்புதான். கதவு சாத்துகிற எந்த வண்டியிலும் அவன் ஏற மாட்டானாம். வெயிலோ மழையோ, ஒன்றரைக் கிலோமீட்டர் இரண்டு பேரும் நடந்து வருகிறார்கள். அவர் நல்லவர். யாழினியின் தண்ணீர்ப் புட்டி காலியாக இருந்தால் தன்னுடையதிலிருந்து நிரப்பிக் கொடுப்பார்.

போன வாரம் அவராகவே பேச்சை எடுத்தார்.

"உங்க பாப்பாவும் முன்ன அங்கதான் படிச்சாளாமே? அப்பல்லாம் வேன் நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு" என்றேன். யோசிக்காமல் வந்துவிட்டது.

அவர் தலையை ஆட்டினார். "அப்ப என் தப்புதாங்க. அன்னிக்கு அவன் தூக்கத்துலயே இருந்தான். எழுப்பினா அழுவான்னு அப்படியே தூக்கி வேன்ல உக்கார வச்சேன். நல்லா எழுப்பி அனுப்பியிருந்தா இறங்கியிருப்பான். இவரும் அதான் சொல்றாரு. தினமும் நடக்கறப்ப அதையேதான் நினைச்சுக்கிட்டு வரேன்."

மணி அடித்துவிட்டது. குழந்தைகள் வந்துவிட்டார்கள். அவர் மகனின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் வந்துவிட்டேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் கேட்கிறேன். அவரிடம் நான் சொல்ல வேண்டுமா? சொன்னால் அவர் தன்னைக் குற்றம் சொல்லிக்கொள்வது நிற்கலாம். என்னைப் பார்க்கிற பார்வை மாறிவிடும். அது மாறத்தான் வேண்டும் என்றும் தோன்றுகிறது. அல்லது, சொல்லி என் பாரத்தை இறக்கி, நடந்து வருகிற அந்தப் பெண்ணின் தோளில் இன்னொன்றை ஏற்றுகிறேனா என்றும் தோன்றுகிறது. என் கணவரிடம் கேட்டால், விடு என்பார். எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டால், அடுத்த நாள் திருத்திவிடுவேன்.

எழுதுங்கள். ஆனால் படித்த வேகத்தில் எழுதிவிட வேண்டாம். எழுந்துபோய் உங்கள் வேலையைப் பாருங்கள், சாப்பிடுங்கள். ஒரு மணி நேரம் ஆனபிறகும் அதே பதில்தான் என்றால், அதை எனக்கு அனுப்புங்கள்.